பூட்டி வைத்த வெந்நீர்

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மொட்டையடித்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “எங்கம்மா வெந்நீரப் பூட்டி வச்சிருந்துச்சுங்க” என்றார்.

“வெந்நீரயா?”

“மாடியில சோலார் ஹீட்டர் போட மானியம் வரும்னு ரெண்டு வருசம் பாத்தேன். வரல. கடைசியில கைக்காசப் போட்டு மாட்டிக் குடுத்துட்டுத்தான் துபாய்க்குப் போனேன். அம்மா, ‘எம்மகன் லீவுல வந்து குளிக்கட்டும்’னு வெந்நீர் வர்ற பாத்ரூமப் பூட்டிட்டு, மார்கழி முழுக்கக் கொல்லையில பச்சத்தண்ணியில குளிச்சிருக்கு.”

“இப்ப வந்து குளிச்சீங்கள்ல?”

“எங்கிட்டுங்க குளிக்கிறது? அது செத்த சேதி கேட்டுல்ல வந்தேன். கொள்ளி வச்சுட்டு வந்தவன் பச்சத்தண்ணியிலதானே தல முழுகணும்.”