டப்பாவில் இருந்த மோட்டார் படம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் எங்கள் பஸ் இஞ்சின் உறுமப் புறப்படத் தயாராக நின்றது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் டிரைவர் பக்கம் குனிந்து சொன்னார்:

"அண்ணாச்சி, ஒங்க பஸ்ல மிச்சம் கிடந்த டப்பா எண்ணெய்க்கு முட்டிவலி நல்லாக் கேக்குது."

டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏலே, அது இஞ்சின் ஆயில்ல கலக்குத மருந்துலா! இன்னைக்குக் காலையிலகூட ஒரு டப்பா ஊத்தியிருக்கேன்."

"சூட்டைத் தணிக்கும், தேய்மானத்தைத் தடுக்கும், பழசைப் புதுசாக்கும்னு போட்டிருந்துது."

"மோட்டார் படம் போட்டிருக்கே, பாக்கலையா?"

"மோட்டார் வச்சிருக்கவுக தேய்க்குத எண்ணெய்னு நெனைச்சேன்."

"அடப்பாவி! யாருக்குலே தேய்ச்சே?"

"நேத்து மோட்டார்ல வந்தவருக்குத்தான். அந்த டப்பா விக்குத ஏஜெண்டாம். முட்டி லேசாயிட்டுன்னாரு. என்ன எண்ணெய்னு கேட்டாரு, டப்பாவைக் காட்டுனேன்."

"அவரா! பச்சப்புள்ளைக்குத் தேய்ச்சாலும் ஒண்ணும் செய்யாதுன்னு சத்தியம் பண்ணித்தானே எந்தலையில கட்டினாரு! என்ன சொன்னாரு?"

"அலறிக்கிட்டு ஓடி அருவிக்கடியில நின்னவருதான். இருட்டுத வரைக்கும் வெளிய வரலை."

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டு எங்கள் எல்லாரையும் இறங்கச் சொன்னார்.