சேமிக்கப்பட்டது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அண்ணனுக்கு நடந்தது.

பின்னிரவு மூன்று மணி. ஈ காக்கை இல்லாத புறவழிச் சாலை. ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வண்டியை விரட்டிக்கொண்டு போனார். கரண்ட் போய், ஜெனரேட்டரும் காலை வாரிவிட்டதாம்.

அவருக்குப் பெரிய பயமில்லை. இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். டிஸ்க்குக்குப் போகுமுன் தகவலைச் சற்று நேரம் பிடித்து வைக்க ஒரு கார்டு; அதில் ஏறியதுமே திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்துவிடும். கரண்ட் போனாலும் கார்டில் இருப்பதைக் காப்பாற்ற ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியைப் புதிதாக மாற்றிவிட்டதாகக் கூட வேலை பார்க்கும் கூட்டாளி சொல்லியிருந்தான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் கரண்ட் வந்தது. மெஷினை எழுப்பினார். டிஸ்க்குகள் நலம். அப்பாடா என்று உட்கார்ந்தார்...

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் ஓடி வந்தார். 

"ஜன்னலோர பெட் அம்மாவுக்கு அந்த ஊசி ஒத்துக்காதுன்னு கரண்ட் போறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பதிஞ்சேன் சார். 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்துச்சே! இப்ப டாக்டர் பாத்தப்ப ஒண்ணுமே இல்ல. ஊசி போட்டுட்டாரு... போயிட்டாங்க சார். இப்பதான் பிணவறைக்கு இறக்கினோம்."

அண்ணன் மெஷின் பெட்டியைத் திறந்தார். பழைய பேட்டரி. உப்பிப்போய், தூசி படிந்து, அப்படியே இருந்தது.

கூட்டாளிக்குப் போன் போட்டார். "மாத்திட்டேன்னு சொன்னியேடா?"

 "பேட்டரி செத்ததும் கார்டு தானா நின்னு, மெஷின் ஆமையா ஊர்ந்துச்சு. ஆளாளுக்குத் திட்டுனாங்க. எச்சரிக்கையை அணைச்சுட்டு, பேட்டரி இல்லாமலே கார்டை ஓடவிட்டேன்... நர்ஸ் பதியவே இல்லைன்னு சொல்லிடலாம். நீயும் அதையே சொல்லு."

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடா..."

அவன் வந்து கை வைப்பதற்குள் ஆதாரத்தைப் பத்திரப்படுத்த, மெஷினை அணைத்து இரண்டு டிஸ்க்கையும் உருவினார். வயர் இல்லை. கரண்ட் இல்லை. உள்ளங்கையில்...

கிர்ர்... கிர்ர்...

எதுவோ எழுதிக்கொண்டிருந்தது. இரண்டிலும், ஒரே நேரத்தில். குப்பென்று மருந்து வாடை.

சத்தம் நின்றதும், திரும்பச் செருகி எழுப்பினார். திரையில் ஜன்னலோர பெட் அம்மாவின் விவரத்தில் ஒரு பதிவு இருந்தது.

"வந்துடுச்சும்மா! உங்க மேல தப்பில்ல!" என்று நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நர்ஸ் படித்தார். மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

"இது நான் பதிஞ்சது இல்ல சார்."

பதிவான நேரம், உடலைப் பிணவறைக்கு இறக்கிய பிறகு. ஒரே ஒரு வரி.

'எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னேனே.'