மனமில்லாமல் வருகிறாள்

டீ ஆறிவிடப் போகிறது வேடியப்பா, குடி. சர்க்கரை கம்மியாகப் போட்டே பழகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் அக்கா போக ஆசைப்பட்ட அதே ஜெர்மன் ஆஸ்பத்திரியில் இப்போது நர்சாக இருக்கும் உன் மகள், பழைய பைலில் தேடி அனுப்பியிருக்கும் இந்தக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்துதான். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

உன் அக்கா அமிர்தம் மூன்று வருஷம் என்னிடம் ஆங்கிலமும் ஜெர்மனும் படித்தாள். அப்போது சங்கராபுரத்தில் இரண்டையும் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை. இங்கே மருந்தகம் நடத்திய ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரீயிடம் இளவயதில் கற்றது. நானும் அந்த நாட்டுக்குப் போக நான்கு முறை எழுதிப் போட்டேன். நான்கு முறையும் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்த அன்று பொறாமையைப் பற்றித்தான் பாடம் நடத்தினேன். ஆங்கிலத்தில் 'உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், அது வாழ்த்து. அடுத்தவருக்கு நல்லது நடந்தால் மனதார ஒப்புக்கொள்வதற்கென்றே ஜெர்மன்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. நம்மிடம் வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஆங்கிலத்தில் வாழ்த்தினேன்.

சேர்த்துக்கொள்ளும் முன் ஆசிரியர் தன் கருத்தை ஒட்டிய கவரில் அனுப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். கெட்டிக்காரி, ஒழுக்கமானவள், ஆனால் வீட்டார் வற்புறுத்துவதால் மனமில்லாமல் வருகிறாள் என்று எழுதினேன். ஒரு பிழை கிடையாது. ஒட்டி அவள் கையிலேயே கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னேன்.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வண்டி நகரவில்லை. பதில் என் விலாசத்துக்குத்தான் வர வேண்டும் என்பதால், பஸ் இல்லாத நாளிலும் என் வீட்டுக்கு நடந்தே வந்து நிற்பாள்.

"லெட்டர் இன்னா ஆச்சுங்க சார்?"

"ரோடெல்லாம் மரம் கிடக்குது அமிர்தம். தபால் எப்படி வரும்?"

போராட்டம் ஒரு வாரம்தான். நான் அதை நான்கு மாதம் நீட்டினேன். மரங்களை அகற்றிய பிறகு, தேங்கிப்போன மூட்டைகளில் எங்கேயாவது கிடக்கும் என்றேன். வாத்தியார் சொன்னால் நம்புகிற பெண்.

பிறகு கரும்பு வெட்டுகிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தீர்கள். தலைப்பிரசவத்தில், ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்காமல் வழியிலேயே போய்விட்டாள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கல்யாணத்துக்கும் வந்தேன், சாவுக்கும் வந்தேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், சுமந்து அலுத்துவிட்டது. அவளுக்குப் பதில் வந்தது. அக்டோபரிலேயே, என் விலாசத்துக்கு. யார் வற்புறுத்தலுக்காகவும் வர வேண்டாம், உங்களுக்கே விருப்பமென்றால் ஒரு வரி எழுதுங்கள், இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனிதர்கள். அவள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இதோ, இதுதான். கிழிந்துவிடும், பார்த்துப் பிரி. இத்தனை வருஷமாகத் தினமும் சாயங்காலம் இதை எடுத்துப் படிக்கிறேன், கற்ற மொழி மறந்துவிடக் கூடாதல்லவா. பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதே. அவள் பெயர் இருக்கும் முதல் வரியைப் பின்பக்கமாக மடித்துவிட்டுத்தான் படிப்பேன்.