ரெண்டு ஆள், ஒரு கை

வாத்தியார் ஹம்மாதி எனக்கு முந்நூற்று அறுபது தினார் பாக்கி வைத்திருந்தார். நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு யாராவது சொல்லத்தான் போகிறார்கள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி ஐயா, என் வாக்குமூலத்தை எழுத்தரை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். ஐம்பத்தோரு வயதில் கற்ற எழுத்து, வரிகள் கொஞ்சம் சரிந்துதான் போகும். மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் அப்படித்தான் பிடிக்கிறது.

நீங்கள் வெளியூர். ஐன் மர்ஸூகா குளத்தில் நீங்கள் குளித்திருக்க மாட்டீர்கள். மலையடி ஊற்று பேரீச்சந்தோப்புக்குள் இறங்கும் முன் அங்கேதான் தங்கும். மற்ற இடமெல்லாம் நெஞ்சளவு. ஒட்டகக் கழுத்து என்று நாங்கள் சொல்லும் பாறைக்குக் கீழே மட்டும் ஒரு மடு, பாறையிலிருந்து அதில்தான் குதிப்போம். மழைக்காலத்தில் அந்த மடுவில் மணல் சரிந்து சேரும். வெயில் தொடங்குமுன் அதை வாரி வெளியே போடுவது குளத்துக் காவலன் வேலை. வாரி முடித்து, முதல் குதி நாளன்று அவன் தண்ணீரில் இறங்கி, கோல் ஊன்றிப் பார்த்து, ஆழத்தைக் கூவிச் சொல்வான். "ரெண்டு ஆள், ஒரு கை." ஒருவன் தோளில் இன்னொருவன் நின்று கையை உயர்த்தினால் விரல் நுனி தண்ணீர் மட்டத்தைத் தொடும், அந்த ஆழம். அதில் ஒரு விரல் குறைந்தாலும் யாரும் குதிக்க மாட்டார்கள்.

காவலன் கூவிய பிறகு குதிக்கிறவன் குனிந்து தண்ணீரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் காவலனைப் பொய்யன் என்று சொன்னதாக அர்த்தம். அப்படிக் குனிந்து பார்த்ததற்காகப் பதினைந்து வருடம் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.

என் அப்பா மப்ரூக் அந்தக் குளத்துக் காவலர். பெருவெள்ளம் வந்த வருடம் செத்தார். அப்போது எனக்கு மூன்று வயது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு சுரங்க ஊரில் இருந்த மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "தண்ணி எடுத்துக்கிச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் அங்கே பாஸ்பேட் தள்ளுவண்டியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். முதுகு போன பிறகு ஊர் திரும்பினேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அப்போதுதான் வாத்தியார் ஹம்மாதி குளத்தைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். நான் கேட்கவே இல்லை, கூப்பிட்டு என் அப்பாவின் வேலையை எனக்குக் கொடுத்தார். வருடத்துக்கு நூற்றிருபது தினார். மடுவை வார வேண்டும், வியாழன்தோறும் பலகையைத் துடைக்க வேண்டும்.

பலகை என்றால் குளத்தின் வாயிலில் நிற்கும் நீலத் தகரம். குளத்தின் வரலாற்றை வாத்தியாரே எழுதி வெள்ளைச் சாயத்தில் தீட்ட வைத்திருந்தார். தண்ணீர் தெறித்துச் சுண்ணாம்பு படியும். பேரீச்ச நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் பலகை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

நாவிதர் புல்பாபா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிற்பார். "ஏன் ஜிலானி, இந்தத் தேய் தேய்க்கிறியே, உள்ளேருந்து பூதம் கீதம் வரப்போவுதா?"

"வந்தா மொதல்ல உன் தலையில மயிர் முளைக்க வைக்கச் சொல்றேன்."

"வேணாம்யா. அப்புறம் அதையும் நான்தான் வெட்டணும்."

கடைசி மூன்று வருடம் கூலி வரவில்லை. நான் ஒருமுறைதான் கேட்டேன். வாத்தியார் என் தோளில் கை வைத்தார்.

"சங்கத்துக்கு வர வேண்டிய பணம் வரல தம்பி. முந்நூத்தி அறுபது. மறக்கல. இது உனக்குக் குடுக்க வேண்டியது. உங்கப்பாவுக்கு நான் பட்டிருக்கிற கடன் வேற. அது இந்த ஜென்மத்துல தீராது."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

போன குளிர்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தார்கள். நஜீபா டீச்சர் என் மகள் வயது. எங்கள் எழுத்தில் மெய்யைத்தான் எழுதுவார்கள், உயிரை வாசிக்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே சொல்லை இரண்டு மாதிரி வாசிக்கலாம். "அப்ப எது சரின்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன்.

"எழுதினவரு யாருன்னு பாருங்க, மாமா. என்ன சொல்ல வர்றாருன்னு பாருங்க. அப்புறம் உயிரைப் போடுங்க. தெரியலேன்னா வெக்கப்படாம என்கிட்ட கேளுங்க."

ஒரு வியாழக்கிழமை, தேய்த்து முடித்த பிறகு, பலகையை வாசித்தேன். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. என் அப்பா பெயர் அதில் இருந்தது. என் வாழ்நாளில் அவர் பெயரைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அடுத்த சொல்லுக்குப் போக நேரமாயிற்று. வாசித்தது இதுதான்: "வெள்ளத்தின்போது இந்த மடுவில் காவலர் மப்ரூக் கொன்றார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று அவர் கைகளில் கிடந்தது."

நான் கோபப்படவில்லை. பலகை ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு மிச்சம் இருந்தது, அதையும் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடம் என் கையாலேயே இதை ஊருக்குப் பளிச்சென்று காட்டியிருக்கிறேன். அப்பா பேச்சு வந்தால் ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி கேட்டது.

இந்த வருடம் நான் மடுவை வாரவில்லை. கூலி தராத வேலையைச் செய்யாமல் விடுவது குற்றமில்லை என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். மேல்கரைச் சுவர் இடிந்து கற்கள் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்தும் பொறுப்பும் என்னுடையதுதான். என் முதுகுக்கு அவற்றை ரொம்ப தூரம் கொண்டுபோக முடியாது. பதினொரு கல். பக்கத்தில் மடுதான் இருந்தது.

முதல் குதி நாளன்று ஊரே கரையில் நின்றது. மேளம், ஆலிவ் எண்ணெயில் தோய்த்த ரொட்டி, எல்லாம் வழக்கம்போல். வருடாவருடம் முதலில் குதிப்பவர் வாத்தியார். அறுபதை நெருங்கும் வயது, முழங்கால் வரை வெள்ளைக் கால்சட்டை. பாறையில் அவர் ஏறும்போது புல்பாபா கத்தினார்.

"வாத்தியாரே, சீக்கிரம் குதிங்க. தொப்பை உள்ள போனாத்தான் தோப்புக்குத் தண்ணி ஏறும்!"

"மொதல்ல உன் நாக்க சவரம் பண்ணுடா, புல்பாபா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வழக்கப்படி என்னைக் கேட்டார்.

"காவலரே, எவ்வளவு?"

நான் தண்ணீரில் நின்றிருந்தேன். கொஞ்சம் நடந்தேன், சேறு கலங்கியது. கோலைச் சாய்த்து ஊன்றினேன், அது கல்லில் முட்டி நின்றது. நேராகப் பிடித்திருந்தால் ஓர் ஆள்கூட வந்திருக்காது. கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கோலின் சாய்வு தெரியாது.

"ரெண்டு ஆள், ஒரு கை" என்று கூவினேன்.

குரல் நடுங்கவில்லை. அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது என்று கிழவர்கள் பிறகு சொன்னார்களாம். வாத்தியார் குனிந்து பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், லேசாகத் தலையசைத்தார். தலைகீழாகத்தான் குதிப்பார், எப்போதும். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. முதலில் போய் அவர் உடலைத் தூக்கியவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் ஒரு படம் கொண்டுவந்து காட்டினீர்கள். பலகை திறந்த அன்று எடுத்தது. அப்பா பெயருக்குப் பக்கத்துச் சொல்லில், முதல் எழுத்தின் தலைமேல், வெள்ளைச் சாயத்தில் சின்னதாக ஒரு சுழி, உயிர்க்குறி. அந்தச் சுழி இருந்தால் அது "கொன்றார்" அல்ல. "கொல்லப்பட்டார்." பலகையில் இப்போது அது இல்லை. பன்னிரண்டு வருடம் நாரும் சாம்பலும் பட்டு எழுத்துகள் தாங்கின, சுழி தாங்கவில்லை.

அப்பா கைகளில் கிடந்த பிள்ளை உயிரோடு கிடந்தது என்றீர்கள். அந்தப் பிள்ளைதான் ஹம்மாதி என்றீர்கள். "ஊருக்கே தெரியும், உமக்குத் தெரியாதா?" என்று கேட்டீர்கள். ஊருக்கே தெரிந்த ஒன்றை யாரும் யாரிடமும் எடுத்துச் சொல்வதில்லை, ஐயா. அவரும் சொல்லவில்லை. கடன் என்று மட்டும் சொன்னார்.

நஜீபா டீச்சரிடம் ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டீர்கள். அதற்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். இரண்டு மாதிரி வாசிக்கலாம் என்று எனக்கு அன்றே தெரியும். பலகை முன்னால் நின்று இரண்டு மாதிரியும் வாசித்துப் பார்த்தேன். டீச்சர் வீடு குளத்திலிருந்து ஐந்தாவது வீடு. அன்று வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார். சலாம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.

அவர் கற்றுக்கொடுத்தபடிதான் செய்தேன். எழுதியவர் யார் என்று பார்த்தேன். மூன்று வருடம் என் கூலியைத் தராத மனிதர். அப்புறம் உயிரைப் போட்டேன்.

அந்த முந்நூற்று அறுபது தினாரை நான் தள்ளுபடி செய்கிறேன். அவர் மனைவி கொண்டுவந்து நீட்டினாலும் நீங்கள் வாங்கிவைக்க வேண்டாம். பணத்துக்காகச் செய்தான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.