நாள்காட்டியில் இல்லாத பிலோமினா

— ஏலே கஸ்பார், அந்தப் பேரு வேண்டாம்னா வேண்டாம்தான். நாளைக்கு ஞானஸ்நானத்துல நான் ஞானத்தாயா நிக்கணும்னா உன் பிள்ளைக்கு வேற பேரு பாரு.

— ஏக்கா, பிலோமினா உன் பேருல்லா? பிள்ள வயித்துல இருக்கும்போதே ஆசைப்பட்டியே.

— அப்போ தெரியாதுலே. இன்னைக்குத்தான் புதுச்சாமியார்ட்ட போயி, ஆகஸ்ட் பதினொண்ணு என் பேருப் புனிதை திருநாளுக்கு ஒரு பூசை வைக்கணும்னேன். அப்படி ஒரு புனிதையே நாள்காட்டில இல்லங்காரு. அறுவத்தொண்ணுலயே ரோமாபுரில எடுத்துட்டாவளாம். பதினாலு வருசமா நான் யாருக்குலே மெழுகுதிரி கொளுத்துனேன்?

— திரி எரிஞ்சுதுல்லா?

— சிரிச்சேன்னா மூக்க ஒடச்சிருவேன்.

— கோவப்படாத. ஹார்பர்ல ஒரு கிரேக்கக் கப்பல் நிக்கு. அதுல சமையக்காரன்ட்ட உன் பேரச் சொன்னேன். அது எங்க ஊருப் பேருல்லாங்கான். ஏசுசாமி பிறக்கதுக்கு முன்னாலயே உண்டாம். பிரியத்துக்கு உரியவள்னு அர்த்தமாம்.

— நீ ஓசில பீடி குடுத்திருப்ப.

— சிகரெட்டு அவன்தான் தந்தான். நம்ம தெருவுல நின்னு பிலோமினான்னு கூப்பிடு. நாலு பொம்பளையும் வாஸ் வீட்டு ஆடும் திரும்பிப் பாக்கும். ரெண்டு தோணிக்கு அந்தப் பேரு, ரொட்டிக்கடைக்கு அந்தப் பேரு. அம்புட்டையும் ரோமாபுரில இருந்து வந்து அழிப்பாவளா?

— ஆட்டுக்குப் பாதுகாவலி வேண்டாம்லே, பிள்ளைக்கு வேணும். என்னப் பாரு. கட்டுனவரு ரெண்டு வருசத்துல கடலோட போனாரு. வயித்துல ஒண்ணும் தங்கல. எனக்காவ மேல பேச ஆளில்லாமத்தான இருந்திருக்கு.

— அம்மை செத்தப்போ எனக்கு ஆறு வயசு. என்னைய வளத்தது யாரு?

— அத விடு. அன்னம்மாள்னு வையி. மாதாவுக்கே அம்மை. அவள யாரும் எடுக்க மாட்டாவ.

— முடியாதுக்கா.

— ஏன் முடியாது? உன் பொண்டாட்டி சொல்லுதாளா?

— ஜசிந்தாவுக்கே தெரியாது. உனக்கும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். பிள்ள பிறந்த அன்னைக்கு, நீ ஆஸ்பத்திரில இருந்து கஞ்சி எடுக்க வீட்டுக்குப் போனல்லா?

— ஆமா.

— அந்நேரம் ஜசிந்தா மயக்கத்துல கெடந்தா, பிள்ளைக்கு மூச்சு இல்ல. மேலெல்லாம் நீலம் பாஞ்சிட்டு. தங்காதுன்னுட்டாரு டாக்டரு. சாமியாருக்கு ஆள் விட நேரமில்ல. நானே டம்ளர்த் தண்ணிய ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டேன். ஒருக்கா குடுத்தா குடுத்ததுதான். நாளைக்குக் கோயில்ல எண்ணெய் பூசுறதுதான் மிச்சம்.

— ஏசுவே! என்ன பேரு சொல்லி ஊத்துன?

— அந்த அவசரத்துல ஒரு புனிதர் பேரும் ஞாவகத்துக்கு வரலக்கா. உன் பேரச் சொன்னேன். சொல்லி முடிக்கதுக்குள்ள பிள்ள வீல்னு அழுதுட்டு.