கீரைக்குத் தெளித்த தண்ணீர்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடலூர் சாலை நடைபாதை வியாபாரிகள் சங்கத்தின் தலைவர், உயர்திரு அன்பழகன் ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கூடையை மடியோடு அணைத்தபடி அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! பின்னால் நின்றுகொண்டே கேட்கும் அண்ணன்மார்களே! நான் முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவாரோ என்று நான் அஞ்சுகிற என் அப்பா கலியபெருமாள் அவர்களே! உங்கள் அனைவருக்கும் கவிநிலாவின் பணிவான வணக்கம்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததற்குப் பரிசு கொடுத்து, "நாலு வார்த்த பேசும்மா" என்றார் தலைவர் ஐயா. கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உறங்கிய பிறகு நான் எழுதியது வேறு பேச்சு. அதைத்தான் இப்போது பேசப்போகிறேன்.

இந்த விழா முடிந்ததும் சங்கம் கூடப்போகிறது. சந்தைகளுக்கு விதி வகுக்கும் அரசாங்கத்தின் வியாபாரிகள் குழுவுக்கு நம் சார்பில் யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கப்போகிறது. இதுவரை போய்வந்தவர், உங்களோடு கூடையும் கையுமாக அமர்ந்திருக்கும் என் அம்மா, தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கீரை விற்கும் பாக்கியலட்சுமி. அவரை மாற்ற வேண்டும் என்கிறார்கள் சிலர். மாற்றுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன், அவர் ஏன் அங்கே போனார் என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்!

கீரை வாடக்கூடாது. வாடினால் யார் வாங்குவார்? அதனால் அம்மா விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். சிறுகீரைக்குத் தண்ணீர், அரைக்கீரைக்குத் தண்ணீர், முளைக்கீரைக்குத் தண்ணீர். தெளித்த கைக்குச் சொந்தக்காரி ஒரு வாய் குடித்தாரா? குடிக்கவில்லை. ஏன்? தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? குடித்தால் போக வேண்டும். போக இடம் எங்கே?

சிரிக்கிறீர்களா அண்ணே? சிரியுங்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சிரித்தார், பெரிய ஆஸ்பத்திரியில். இடுப்பு வலியிலும் குளிர் காய்ச்சலிலும் துடித்தவரை அப்பாதான் லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். டாக்டரம்மா கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்ளோம்மா தண்ணி குடிப்பீங்க?"

"காலைல ஒரு டீ. அப்புறம் வூட்டுக்குப் போயிதாம்மா."

"வெயில்ல ஒக்காந்துகிட்டா? ஏம்மா?"

அம்மா வெட்கத்தோடு சிரித்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து பதில் வந்தது. முத்தியால்பேட்டைப் பக்கம் மீன் விற்கும் சின்னப்பொண்ணு அத்தை. "எங்க போயி ஒதுங்கறது டாக்டரு? நடுரோட்லயா? நானும் அதே கேசுதான்!"

அன்றுதான் அம்மாவுக்கு உறைத்தது. தன் உடம்பின் நோய் என்று நினைத்தது, தன் தொழிலின் நோய். தன் தலையெழுத்து என்று நினைத்தது, யாரோ போட மறந்த ஒரு விதி. தலையெழுத்தை நொந்துகொள்ளத்தான் முடியும். விதியை? விதியைத் திருத்தி எழுத முடியும் அல்லவா?

குணமாகி வந்ததும் தலைவர் ஐயாவிடம் கேட்டு, குழுவுக்குப் போய்ப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றார். அங்கே இருந்த அதிகாரி, "கழிப்பறை கட்டிக் குடுத்தாச்சேம்மா, யாரும் போறதில்லையே?" என்றார். உண்மைதான், கட்டினார்கள். எங்கே? சாராயக்கடைக்குப் பின்னால். சாவி யாரிடம்? கடைக்காரரிடம்! குடித்துக்கொண்டிருக்கும் ஆண்களைத் தாண்டிப் போய் எந்தப் பெண் சாவி கேட்பாள்?

அம்மா இதைச் சொன்னதும் அதிகாரி யோசித்துவிட்டு, "சரி, எங்க இருக்கணும்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை! ஆம், தெரியவில்லை. தன் வலியைச் சுமந்துகொண்டு போனவர், மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. "கேட்டுட்டு வரேன் சார்" என்று திரும்பிவிட்டார்.

ஒவ்வொரு கூடைக்காரியிடமும் வந்து கேட்டார். யாராவது சத்தமாகச் சொன்னீர்களா தாய்மார்களே? காய் எடுத்துப் போடும் சாக்கில் குனிந்து, காதோடு காதாகச் சொன்னீர்கள். "பஸ் ஸ்டாப்புக்கு எதுர்ல வேணாண்டி, எல்லாம் பாத்துகிட்டு நிப்பானுவ" என்றது ஒரு குரல். "வெளக்கு வேணுங்க்கா" என்றது இன்னொன்று. "சாவி நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றீர்கள் எல்லோரும். காதில் சொன்னதையெல்லாம் அம்மா குழுவின் கூட்டத்தில் உரக்கச் சொன்னார். பெண்கள் கடை போடும் எந்தச் சந்தையிலும் இடத்தை அவர்களே சொல்ல வேண்டும், சாவி அவர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி இப்போது வரைவாக எழுதப்பட்டிருக்கிறது. குழுவின் அடுத்த கூட்டத்தில் அதை ஏற்பார்களா, தள்ளுவார்களா என்பது முடிவாகும்.

இந்த நேரத்திலா ஆளை மாற்றுவது?

"கக்கூஸ் பாக்கியம்" என்று அம்மாவுக்குப் பெயர் வைத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் அப்பாவைப் பார்த்து, "இன்னா கலியா, ஒன் பொண்டாட்டி இன்னிக்கு எந்தக் கக்கூச தெறக்கறாங்க?" என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, "வுட்டுடு பாக்கியம், மானம் போவுது" என்றார். அம்மாவும் விட்டுவிடத்தான் நினைத்தார். விலகிக்கொள்கிறேன் என்று இன்று சொல்லத்தான் இருந்தார்.

நேற்று மாலை என் பள்ளிக்கூடப் பையை எடுத்து வைத்தவர், தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்தார். காலையில் நிரப்பியது அப்படியே கனத்தது. என் பள்ளியிலும் போக இடமில்லை, அதே கதைதான் ஐயா. அம்மா என்னைத் திட்டவில்லை. அந்தப் பாட்டிலை அப்பாவின் முன்னால் வைத்தார். "பொண்ணு தண்ணி குடிக்காம கெடக்கறாளே, இதுல மானம் போவலியா? நான் வுடறதா இல்ல" என்றார்.

அப்பா, இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்களா? இருக்கிறீர்கள். நன்றி அப்பா.

தலைவர் ஐயா அவர்களே! பேசுகிறவருக்காக இந்த மேசையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். பேசினால் தொண்டை வறளும் என்று தெரிந்த சங்கத்துக்கு, நாளெல்லாம் வெயிலில் கூவி விற்கிறவளின் தொண்டை தெரியாதா? பாக்கியலட்சுமியையே அனுப்புங்கள். அவரிடம் இருப்பது ஒரு பெண்ணின் குரல் அல்ல, நீங்கள் காதோடு சொன்ன அத்தனை குரலும்.

இதோ, எல்லோரும் பார்க்க, நான் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். அம்மா, உன் குவளையில் கீரைக்கு வைத்த தண்ணீர் மீதி இருக்குமே, நீயும் குடி. தாய்மார்களே, நீங்களும் குடியுங்கள். குடித்துவிட்டு, அம்மாவையே அனுப்பச் சொல்லிக் கையைத் தூக்குங்கள்.

பேசவிட்ட பெரியோர்களுக்கும் பொறுத்திருந்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம் சொல்லி அமர்கிறேன்.