நசுங்கிய கோப்பை

அரூரிலிருந்து சேலம் போகும் பஸ். என் முன் சீட்டில் இருந்த இளைஞர் மடியில் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை. பக்கத்தில் இருந்த அவருடைய மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, துப்பாக்கிப் போட்டியில வாங்குன கப்பு இப்படி நசுங்கிக் கெடக்குது?"

"கரண்டியால அடிச்சதுங்க மாமா."

"யாரு?"

"உங்க பொண்ணுதான்."

"சண்டையா?"

"அய்யோ, இல்லீங்க. போட்டியில சுட்டுப் பழகுனா காட்டுப்பன்னி வரும்போது கை நடுங்காதுன்னு நீங்கதானே என்னைய கிளப்புல சேத்துவுட்டீங்க?"

"நடுங்குச்சா?"

"நடுங்கல. விடிகாலையில கடலக் கொல்லையில பன்னி. கால அகட்டி நின்னேன், மூச்சப் புடிச்சேன், குறி வச்சேன். அப்படியே நின்னுட்டேன்."

"ஏன்?"

"கிளப்புல 'பயர்'னு ஒருத்தர் சொன்னாத்தான் சுடோணும். அதே பழக்கத்துல, சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். பன்னி ரெண்டு வரிசை கல்லக்காயத் தின்னுடுச்சு."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்புறம்?" என்றார் மாமனார்.

"உங்க பொண்ணு வூட்டுலேருந்து இந்தக் கப்பத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து, கரண்டியால தட்டுனா பாருங்க, பன்னி போன திக்கு தெரியல. அன்னையிலேருந்து கொல்லைக்கு இதுதான் காவல்."

"இப்ப எங்க கொண்டு போற?"

"வருசா வருசம் திருப்பித் தர்ற கப்புங்க, ஜெயிச்சவங்கதான் வூட்டுக்குக் கொண்டு போவலாம். ஒடுக்கெடுத்துக் குடுக்கோணும். நாளைக்கே அடுத்த போட்டி. நான் ஜெயிச்சே ஆகோணும் மாமா."

"மானப் பிரச்சினையாக்கும்?"

"கல்லக்கா புடுங்க இன்னும் பத்து நாள் இருக்குதுங்க."